முதல் மனுஷனுக்கு ரோசம் வந்தது

1

நான் இதை எழுதுகிற ஊரில் ஆனி மாதம் குளிர்காலம். அங்கே நீங்கள் ஓலை விசிறியும் கையுமாக இருப்பீர்கள். நான் காதை மூடித் துண்டு கட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறேன். இதைச் சொன்னால் ராயபுரத்தில் யாரும் நம்பப் போவதில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

ஊர் டர்பன், தென்னாப்பிரிக்கா. இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. துறைமுகத்தை ஒட்டிய ஒரு கொட்டகையில் தார்ப்பாய் தைக்கிறேன், கப்பல் கயிறு முடைகிறேன். எனக்குப் பக்கத்துப் பலகையில் மூஸி என்று ஒரு ஜூலுக்காரன். ஆறடிக்கு மேல் உயரம், குழந்தை மாதிரிச் சிரிப்பு. அவன் பாஷை கொஞ்சம், இங்கிலீஷ் கொஞ்சம், மிச்சத்துக்குக் கை ஜாடை. இப்படியே எங்களுக்குள் பேசாத விஷயம் இல்லை.

போன சனிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் நாணல் காட்டைக் காட்டி ஒரு கதை சொன்னான். ஆதியில் நாணல்தான் இருந்ததாம். பெரிய சதுப்பு, காற்று, நாணல். அதிலிருந்து ஒன்று ஒடிந்து வெளியே வந்து நடந்ததாம். அதுதான் முதல் மனுஷன். ஒடிந்த இடத்தில் மற்ற நாணல் எல்லாம் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது, கூப்பிடுகிற மாதிரி.

எனக்கு உடனே எண்ணூர்க் கழிமுகம் ஞாபகம் வந்துவிட்டது. அந்தக் கோரையையும் அந்தச் சேற்று வாசனையையும் பார்த்தவன் யாராக இருந்தாலும் இதிலிருந்து மனுஷன் வந்திருக்கலாம் என்று ஒத்துக்கொள்வான். "எங்கள் ஊரிலும் இந்தக் காடு உண்டு. உன் ஆள் அங்கேயும் ஒடிந்து வந்திருப்பான்" என்றேன். மூஸிக்குப் பெருமை தாங்கவில்லை.

என் மகள் பொன்னி சாப்பாட்டுத் தூக்கு கொண்டுவந்தவள் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். வயசு பன்னிரண்டு. இங்கேயே பிறந்தவள்.

"நைனா, ஸ்கூல்ல டீச்சரு ஆதாம மண்ணுல செஞ்சாங்கன்றாங்க. மூஸி மாமா நாணலுன்றாரு. நம்ம கதை இன்னா?"

"நம்மகிட்ட ஒண்ணா ரெண்டா கீது? எதைச் சொல்றது?"

"அது கெடக்கட்டும். மண்ணோ நாணலோ, ஏதோ ஒண்ணுலேர்ந்து வந்துட்டான். ஆனா தான் ஒரு மனுஷன்னு அவனுக்கே எப்போ தெரிஞ்சுது? யாரு சொன்னா? இன்னான்னு சொன்னா?"

கேட்டுவிட்டுச் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். "இன்னா இல்ல. என்ன" என்று தன்னையே திருத்திக்கொண்டு, யாராவது கேட்டார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்தாள். சாயங்காலத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் தஞ்சாவூர்ப் பக்கத்து வாத்தியார் ஒருவர். நல்ல மனுஷர், காசு வாங்காமல் சொல்லிக் கொடுக்கிறார். பொன்னி வாயைத் திறந்தால் மட்டும் முகத்தைச் சுளிக்கிறார். "கீது, குந்து, இட்டுகினு... இதெல்லாம் எங்கே பொறுக்கினது?" என்று கேட்டிருக்கிறார். எங்கே பொறுக்கினது? அவள் அப்பன் வாயிலிருந்து பொறுக்கினது. அந்த நாளிலிருந்து பெண் நாலு பேர் எதிரில் என்னிடம் பேசுவதையே குறைத்துக்கொண்டாள். தெருவில் கூட நடக்கும்போது, "நைனா, நீ கொஞ்சம் மெதுவா பேசேன்" என்கிறாள்.

அன்றைக்கு அவள் கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. சொல்லத் தெரியாமல் இல்லை. தெரியும். எனக்கு அதைக் காட்டினது ராயபுரம் மணலில் ஒரு பொம்பிளை. அதை நாலு வார்த்தையில் சொல்ல முடியாது என்பதால்தான் உங்கள் பத்திரிகைக்கு இந்தக் காகிதம்.

2

ஒரு சங்கதியை முதலில் சொல்லிவிடுகிறேன். இங்கே எனக்குப் பேர் ஏழுமலை.

நான் முனுசாமி. காலடிப்பேட்டை ஏழுமலையின் மகன் முனுசாமி. ஒப்பந்தக் கூலிக் கப்பல்கள் நின்றுபோவதற்குக் கொஞ்சம் முன்னால் ஏறி வந்தவன். கரை இறங்கிய அன்று மேஜைக்குப் பின்னால் இருந்த துரை என் பேரைக் கேட்டார், அப்பன் பேரைக் கேட்டார். இரண்டில் எது யாருக்கு என்பதில் அவருக்குக் குழப்பம். கட்டைவிரலை மையில் அமுக்கித் தாளில் வைத்தார்கள். ரேகை என்னுடையது, பேர் என் அப்பனுடையது. அதற்கப்புறம் மூன்று ஆபீஸ் ஏறி இறங்கினேன். "இது நீ இல்லை என்றால் நீ யார் என்பதற்கு அத்தாட்சி கொண்டு வா" என்றார்கள். கப்பலில் என்னோடு வந்த அத்தாட்சி நான் மட்டும்தான். விட்டுவிட்டேன். அப்பன் கடலையே தாண்டாத மனுஷர். இப்போது அவர் பேர் இங்கே சம்பளம் வாங்குகிறது. பள்ளிக்கூடத்தில் என் மகளும் மிஸ் ஏழுமலை. ஒருவிதத்தில் எனக்கு அதில் சந்தோஷம்தான்.

ஆனால் தாளில் பேர் மாறினதால் நான் யார் என்று எனக்கு ஒருநாளும் சந்தேகம் வரவில்லை. அந்தத் தைரியத்தைச் சூசை கதையிலிருந்து எடுத்துக்கொண்டேன்.

3

சூசை ராயபுரத்துக் கரையில் பெரிய வலைக்காரன். பெரிய வலை என்றால் தெரியாதவர்களுக்காக: படகில் வலையைக் கொண்டுபோய்க் கடலில் வளைத்துப் போட்டுவிட்டு, இரண்டு பக்கக் கயிற்றையும் கரையில் நின்று இழுப்பது. ஒரு கயிற்றுக்குப் பதினைந்து ஆள், இருபது ஆள் வேண்டும். எல்லோரும் ஒரே மூச்சில் இழுத்தால்தான் வலை நகரும். அந்த ஒரே மூச்சுக்காகத்தான் அம்பா. ஒருவன் பாடுவான், மற்றவர்கள் 'ஐலசா' என்று சொல்லி இழுப்பார்கள்.

சாமி பேர் சொல்லி ஆரம்பிப்பார்கள். இரண்டு அடி போனதும் சாமி போய்விடும், ஆசாமி வந்துவிடுவான். கயிற்றைப் பிடித்திருக்கிறவர்களை வரிசையாகப் பேர் சொல்லிக் கிண்டல் பண்ணுவதுதான் எங்கள் கரை வழக்கம். எவன் பேர் வருகிறதோ அவனுக்குச் சுருக்கென்று ஏறும், ஏறினால் கயிறு ஒரு முழம் கூட வரும். சூசை அதில் ராஜா. அவன் வாயில் விழாத ஆள் ராயபுரத்தில் இல்லை. ஆனால் அம்பா போடுகிறவனுக்கு யாரும் அம்பா போடுவதில்லை. அதுவும் வழக்கம்.

நானும் என் சிநேகிதர் இரண்டு பேரும் மீனவர் இல்லை. துறைமுகத்தில் மூட்டை இறக்குகிற கூட்டம். கப்பல் வராத நாளில் கயிறு பிடிக்கப் போவோம், பங்கு மீன் கிடைக்கும். ஒருவர் வண்ணாரப்பேட்டை காசிம் பாய், எங்களில் மூத்தவர், எதற்கும் மடியில் மூக்குப்பொடி டப்பா. இன்னொருவன் புளியந்தோப்பு வீராசாமி, புத்தர் சங்கத்தில் சேர்ந்து பஞ்சசீலம் எடுத்துக்கொண்டவன், நல்ல தொப்பை.

அந்த வருஷம் மழையோடு விஷ ஜுரம் வந்தது. சூசை படுத்தான். ஜுரம் இறங்கியது. எழுந்தான், உட்கார்ந்தான், ஊட்டினால் சாப்பிட்டான். ஆனால் ஆளைக் காணோம். கூப்பிட்டால் திரும்பமாட்டான். வலையைக் காட்டினால் வலையைப் பார்ப்பான், சுவரைக் காட்டினால் சுவரைப் பார்ப்பான், இரண்டையும் ஒரே மாதிரி. அவன் பெண்சாதி மதலேன் எங்களிடம் சொன்ன வார்த்தை இன்றைக்கும் காதில் இருக்கிறது:

"ஜொரம் போச்சு பாய். போவசொல்ல அவரையும் இட்டுகினு பூட்ச்சு."

மதலேனுக்கு அண்ணன் ஒருவன், மிக்கேல். கைவண்டி இழுக்கிறவன். கெட்டவன் இல்லை, தங்கச்சி பட்டினி கிடக்கக் கூடாது என்று நினைத்தான். "மாதா தேர் முடியட்டும். முடிஞ்சதும் வண்டியில வச்சுப் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில வுட்டுட்டு வந்துடறேன். நீ நம்ம வூட்டுக்கு வந்துடு" என்றான். அங்கே உள்ளே போனவர்களில் திரும்பி வந்தவர் யாரையும் எங்கள் கரையில் ஒருவரும் பார்த்ததில்லை. தேருக்கு அதிக நாள் இல்லை. மதலேன் அழவில்லை. "அதுக்குள்ள இவுரை எழுப்பிக் காட்றேன்" என்று மட்டும் சொன்னாள்.

4

நாங்கள் மூன்று பேரும் யோசித்தோம். டாக்டரைக் கேட்டாயிற்று, மந்திரித்தாயிற்று, கோயிலில் மெழுகுவத்தியும் ஏற்றியாயிற்று. அப்போது காசிம் பாய் ஒரு பேச்சு எடுத்தார்.

"தன்னைத் தெரியாத ஆளு உலகத்துல இவன் முதல் இல்லப்பா. முதல் மனுஷனே அப்படித்தான் கெடந்தான். அவனை எப்படி எழுப்பினாங்கோன்னு தெரிஞ்சா இவனையும் எழுப்பிடலாம்."

இதைக் கேட்டு நீங்கள் சிரிக்கலாம். எங்களுக்கு அது ரொம்பச் சரியான யோசனையாகப் பட்டது. ரிப்பேருக்கு வந்த கடிகாரத்தைப் பற்றி அதைச் செய்தவனிடம் கேட்பது மாதிரி. கரையில் கவிழ்த்துப் போட்ட ஒரு படகின் நிழலில் சூசையை உட்காரவைத்து, மத்தியான வேளைகளில் ஆளுக்கு ஒரு கதையாக ஆரம்பித்தோம்.

காசிம் பாய் முதலில். அல்லாஹ் பூமியில் பல இடத்திலிருந்து மண் எடுக்கச் சொன்னானாம். கறுப்பு மண், சிவப்பு மண், வெள்ளை மண். அதனால்தான் மனுஷரில் பல நிறம். பிசைந்து உருவம் செய்து, அது வெறும் கூடாக ரொம்பக் காலம் கிடந்ததாம். அப்புறம் உயிர் தலைவழியாக உள்ளே இறங்கியது. மூக்குக்கு வந்ததும் ஆதம் நபி தும்மினார். தும்மினதும் வாயில் முதலில் வந்தது இறைவனுக்கு நன்றி. காலுக்கு உயிர் வருவதற்குள்ளேயே எழுந்திருக்கப் பார்த்தாராம், மனுஷன் அவ்வளவு அவசரக்காரன். அதற்குப் பின் எல்லாவற்றின் பேரும் அவருக்குக் கற்றுக் கொடுக்கப்பட்டது.

"பாத்தியா, எல்லாம் மூக்குல கீது" என்று சொல்லி, டப்பாவைத் திறந்து ஒரு பெரிய சிட்டிகையைச் சூசையின் மூக்கில் ஏற்றிவிட்டார்.

சூசை தும்மினான். படகு ஆடுகிற மாதிரித் தும்மினான். நாங்கள் "வந்துட்டான், வந்துட்டான்" என்று எழுந்து நின்றோம். தும்மல் நின்றது. கண்ணில் தண்ணீரோடு பழையபடி கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

"உசுரு மூக்கு வரைக்கும் வந்து திரும்பிப் பூட்ச்சு" என்றான் வீராசாமி.

"உன் சங்கத்துல இன்னா வச்சுகினுகீற? அதை எடு பாக்கலாம்" என்றார் பாய்.

வீராசாமி சொன்ன கதை எனக்கு இன்றைக்கும் பிடித்தது. செய்தவன் என்று அதில் யாருமே இல்லை. ஆதியில் இருட்டும் தண்ணீரும். நம் முன்னோர் உடம்பு இல்லாமல், தங்கள் வெளிச்சத்திலேயே வானத்தில் திரிந்தார்களாம். பசி கிடையாது, ஆண் பெண் கிடையாது. தண்ணீர் மேல் பூமி மெல்லப் படிந்தது, காய்ச்சின பால் ஆறினால் ஆடை படியுமே அப்படி. ஒருவனுக்கு ஆசை, விரலால் தொட்டு நக்கினான். ருசி பிடித்துவிட்டது. எல்லோரும் தின்றார்கள். தின்னத் தின்ன உடம்பு கனத்தது, வெளிச்சம் அவிந்தது. அப்போதுதான் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். 'நான் அழகு, நீ அசிங்கம்' என்று ஆரம்பித்தது.

மறுநாள் வீராசாமி ஒரு கிண்ணத்தில் பாலாடை கொண்டுவந்தான், சர்க்கரை போட்டு. சூசை விரலால் வழித்து வழித்துத் தின்றான். தீர்ந்ததும் கிண்ணத்தைப் பார்த்தான். எங்களுக்கு ஒரே கொண்டாட்டம். மதலேன் இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ருசி தெரியுது. ஆளு தெரியல. பாலாடை திங்கறதுக்குன்னா எங்க வூட்டுப் பூனையே போதும்."

"உங்க வேதத்துல இன்னாம்மா சொல்லிக்கீது?" என்று நான் கேட்டேன்.

"தோட்டம், மரம், பழம். தின்னாதேன்னாரு, தின்னாங்கோ. கண்ணு தெறந்துச்சு. தெறந்தா மேல துணி இல்ல. வெக்கமா பூட்ச்சு, எலையைத் தெச்சுக் கட்டிகினாங்கோ. அவ்ளோதான்."

காசிம் பாய் தாடியைத் தடவினார். "அப்போ வெக்கம் வந்தாத்தான் தெரியும்னு ஆவுது. வேட்டிய உருவிப் பாக்கலாமா?"

மீன்கூடை பறந்து வந்து அவர் முதுகில் விழுந்தது. "உன் வேட்டிய உருவு பாய்! ஊரே எழுந்து உக்காரும்!"

என் முறை வந்தது. எழுத்து எனக்குக் கிடங்குகளின் பெயர்ப்பலகையைப் பார்த்து வந்தது. மீன் கட்டி வருகிற காகிதம், பாதிரிமார் கொடுக்கிற துண்டுத்தாள், எது கைக்கு வந்தாலும் எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவேன். இந்தக் கதை மட்டும் காதால் வந்தது, திருவொற்றியூர்க் கோயிலில் ஒரு பிரசங்கம். ஆதியில் ஒன்றே ஒன்று இருந்ததாம். அது சுற்றிப் பார்த்தது. தன்னைத் தவிர எதுவும் இல்லை. 'நான்' என்றது. அதுதான் முதல் சொல். சொன்னவுடன் அதற்குப் பயம் வந்துவிட்டது. பிறகு யோசித்தது: நான் ஒருவன்தானே இருக்கிறேன், யாருக்குப் பயப்படுவது? பயம் போயிற்று. ஆனால் தனியாக இருப்பதில் சந்தோஷம் இல்லை. அதனால் இரண்டாகப் பிரிந்தது.

சொல்லி முடித்துவிட்டு, கதையின்படி வைத்தியத்தையும் சொன்னேன். "அவரைக் கொஞ்ச நேரம் தனியா வுட்டுப் பாக்கலாம். சுத்தி ஆளே இல்லாதப்பதான் 'நான்'னு தோணும்."

மதலேன் என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"தனியாத்தாம்ப்பா கீறாரு. அதானே அவருக்கு நோவே."

எங்கள் நாலு பேர் வீட்டுக் கதையும் தீர்ந்துவிட்டது. சூசை மட்டும் கதைகள் எல்லாவற்றுக்கும் முன்னால் இருந்த மாதிரி உட்கார்ந்திருந்தான்.

5

தேருக்கு முந்தின நாள். மிக்கேல் கைவண்டிக்கு அச்சில் எண்ணெய் போட்டுக்கொண்டு வந்து கரைமேட்டில் நிறுத்திவிட்டான். நாளைக்கு வேலை என்று சொல்லாமல் சொன்ன மாதிரி.

அன்று பார்த்து வலையில் மீன் நிறையக் கட்டியது. இரண்டு கயிற்றிலும் ஆள் நின்றும் வலை வரவில்லை. அம்பா போட்டவன் ஒரு இளவட்டம். சாமி பேரையே திருப்பித் திருப்பிப் பாடிக்கொண்டிருந்தான், ஒருவனைக் கிண்டல் பண்ண அவனுக்குத் துணிவு இல்லை. ஆளுக்கொரு மூச்சாக இழுத்தோம். அலை வாங்கும்போதெல்லாம் இழுத்ததைத் திருப்பிக் கொடுத்தோம். எங்களுக்குப் பின்னால் மணலில் சூசை. மதலேன் கயிற்றின் வால்நுனியை அவன் கையில் சுற்றி வைத்திருந்தாள், தினமும் செய்வது மாதிரி. அது அவன் கையில் சும்மா கிடந்தது.

பொம்பிளைகள் கூடையோடு ஒதுங்கி நிற்பதுதான் வழக்கம். ஆண்கள் கயிற்றுக்குப் பொம்பிளை அம்பா போட்டதாக நான் கேள்விப்பட்டதே இல்லை. மதலேன் கூடையைக் கீழே வைத்தாள். முந்தானையை இடுப்பில் சொருகினாள். கயிற்றுக்கு முன்னால் வந்து நின்று குரலை எடுத்தாள்.

"காசிம் பாயி கயித்தைப் புடிச்சா..."

எங்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பழக்கதோஷம், வாய் தானாகச் சொல்லிவிட்டது: ஐலசா!

"கயிறு கேக்குது சோறு கீதான்னு..."

ஐலசா!

"வீராசாமி தொப்பையைப் பாரு..."

ஐலசா!

"வலையில மீனா, வவுத்துல மீனா..."

ஐலசா! வீராசாமி பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தான். கயிறு வந்தது. கரை முழுக்கச் சிரிப்பு. மிக்கேல் மேட்டிலிருந்து, "ஏய், மானம் போவுது, எறங்கு!" என்று கத்தினான். மதலேன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. புருஷன் பக்கம் திரும்பினாள்.

"சூசை வலிச்சா சுறா வருமாம்..."

ஐலசா என்றோம், பாதிக் குரலில். அம்பா போடுகிறவனுக்கே அம்பா. அதுவும் வீட்டுக்காரி வாயால்.

"சூசை வூட்ல சுண்டெலி மேயுது..."

ஐலசா.

"அம்பா போட்ட வாயைப் பாரு..."

ஐலசா.

"ஈ பூந்து குடித்தனம் பண்ணுது..."

நான் கயிற்றோடு தலையைத் திருப்பிப் பார்த்தேன். சூசையின் கண் மதலேன் மேல் இருந்தது. சுவர் மேல் இருக்கிற மாதிரி இல்லை. கையில் சுற்றியிருந்த கயிறு இறுகியிருந்தது, அலை இழுத்ததா அவன் இழுத்தானா தெரியாது. மதலேனுக்குத் தெரிந்திருக்கிறது. அவள் குரல் ஒரு படி ஏறியது.

"அலைக்குப் பயந்து கரையில குந்தினான்..."

ஐலசா!

"பொண்டாட்டி சேலைக்குப் பின்னால குந்தினான்..."

நாங்கள் ஐலசா சொல்வதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. துருப்பிடித்த குரல். ஆனால் அம்பாவின் தாளம் பிசகவில்லை.

"சேலை வாங்கிக் குடுத்தது யாருடி?"

கயிறு நின்றுவிட்டது. மதலேன் நின்றுவிட்டாள். சூசை எழுந்து நின்றான். கேட்ட கேள்விக்கு யாரும் பதில் சொல்லாததால் அவனே சொன்னான்.

"நான்டி!"

ஐலசா என்று நாங்கள் போட்ட சத்தம் கோயில் வரைக்கும் கேட்டதாகப் பிற்பாடு சொன்னார்கள். வலை எப்படி வந்தது, எவ்வளவு மீன் என்று கேட்காதீர்கள், ஒன்றும் ஞாபகம் இல்லை. மதலேன் மணலில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். காசிம் பாய் தன் மூக்கில் பொடி ஏற்றிக்கொண்டு தும்மினார், கண் கலங்கினதற்கு ஒரு காரணம் வேண்டுமே. மிக்கேல் இறங்கி வந்து மச்சானின் முன்னால் நின்றான்.

"நான் யாரு, தெரியுதா?"

சூசை அவனை மேலும் கீழும் பார்த்தான். "தெரியல. ஆனா மூஞ்சி புடிக்கல."

மிக்கேல் அன்றைக்குச் சிரித்த மாதிரி அதற்கு முன்னும் பின்னும் சிரித்து நான் பார்த்ததில்லை. அந்த வண்டியில் அன்று மீன் போயிற்று.

எல்லாம் ஒரே நாளில் திரும்பி வந்துவிட்டது என்று சொன்னால் பொய். எங்கள் பேர்கள் எல்லாம் அவனுக்கு ஒவ்வொன்றாகத்தான் வந்தன. சிலருடைய பேர் வரவே இல்லை, புதிதாகத் தெரிந்துகொண்டான். ஆனால் 'நான்' முதலில் வந்துவிட்டது. மற்றதெல்லாம் அதைப் பிடித்துக்கொண்டு கயிறு மாதிரி வந்தது. நான் கப்பல் ஏறும் நாளில் துறைமுகத்துக்கு வழியனுப்ப வந்தவன், என்னைப் பார்த்து ஒரு அம்பா போட்டே அனுப்பினான். அதை இங்கே எழுத முடியாது, பத்திரிகையில் போடமாட்டார்கள்.

6

ஆக, பொன்னிக்கு என் பதில் இது.

நாலு வீட்டுக் கதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறேன், இப்போது மூஸியின் நாணலோடு ஐந்து. மண்ணா, பாலாடையா, பழமா, நாணலா என்பதில் சண்டை போடலாம். ஒன்றில் சண்டை இல்லை. மனுஷனைச் செய்து முடித்த இடத்தில் எந்தக் கதையும் நிற்கவில்லை. அதற்குமேல் ஒன்று நடக்க வேண்டியிருக்கிறது. ஒருவர் வீட்டில் தும்மல், பேர்கள். ஒருவர் வீட்டில் வெட்கம். ஒருவர் வீட்டில் என்னைப் பார், உன்னைப் பார் என்ற கர்வம். என் வீட்டில் பயம், அப்புறம் துணை. ராயபுரத்தில் அதற்கு நாங்கள் வைத்திருக்கிற பேர் ரோசம். ரோசம் தனியாக இருக்கிறவனுக்கு வராது. எதிரில் ஒரு ஆள் வேண்டும். உன்னை நன்றாகத் தெரிந்த ஆள், உன் பேரைச் சொல்லிச் சீண்டுகிற ஆள். படித்தவர்கள் இதற்கு வேறு விளக்கம் வைத்திருக்கலாம். எனக்கு, நான் கண்ணால் பார்த்தது போதும். ஆதியில் தன்னைச் சுற்றிப் பார்த்து ஒருவரும் இல்லாமல் 'நான்' என்றதே, அதை நான் கும்பிடுகிறேன். ஆனால் முப்பது பேர் நடுவில் 'நான்டி' என்றானே, அது எங்கள் கரையில் நடந்தது.

இவ்வளவும் யோசித்து வைத்திருந்தேன், ஞாயிற்றுக்கிழமை பொன்னியை உட்காரவைத்துச் சொல்லலாம் என்று. சொல்ல விடவில்லை, மத்தி வந்துவிட்டது.

இந்தக் கடலில் குளிர்காலத்தில் மத்தி கூட்டம் கூட்டமாகக் கரைக்கு வரும். கடல் கறுத்துப் போகும், மேலே வெள்ளைப் பறவைகள் தலைகீழாக விழும். நம் பக்கத்துச் சனங்கள் இங்கேயும் பெரிய வலைதான் வைத்திருக்கிறார்கள். நம் ஊரிலிருந்து கையோடு கொண்டுவந்த தொழில். அன்றைக்கு மட்டும் யாரும் எந்த வேலையும் பார்ப்பதில்லை. தார்ப்பாய்க்காரன், சலவைக்காரன், கரும்புத் தோட்டத்துக்காரன், எல்லோரும் கயிற்றில். மூஸியும் வந்தான். எனக்கு முன்னால் தமிழ் வாத்தியார் நின்றார், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு.

வலை கனம். இங்கே அம்பா போட்டுக்கொண்டிருந்த கிழவர் போன வருஷம் காலமாகிவிட்டார். இளையவர்களுக்கு 'ஐலசா' தெரியும், நடுவில் போடுகிற வரி தெரியாது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், ராயபுரத்துக் கரையில் கயிறு பிடித்தவன் என்று. நான் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். வயசு ஆகிவிட்டது என்று ஒத்துக்கொள்ள மனசில்லாமல் கயிற்றை மட்டும் இன்னும் கெட்டியாகப் பிடித்தேன்.

கூடைப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"ராயபுரம்னு ராவெல்லாம் பேச்சு..."

பொன்னி. கவுனோடு, வெறுங்காலோடு, தண்ணீர் ஓரத்தில். நான் வீட்டில் முணுமுணுக்கிற தாளம் அச்சாக அதே தாளம். எப்போது பிடித்தாளோ. ஐலசா என்றது கயிறு.

"ராயபுரத்தாருக்குத் தெம்பு கீதா?"

கீதா என்றாள். வாத்தியாரின் முதுகு ஒரு கணம் விறைத்ததைப் பின்னாலிருந்து பார்த்தேன். அப்புறம் அந்த முதுகு முன்னால் வளைந்தது. எல்லோரையும்விட உரக்க அவர்தான் சொன்னார்: "ஐலசா!"

"தார்ப்பாய் தெக்கிற நைனாவைப் பாரு..."

ஐலசா!

"ஊசி புடிச்ச கை கயிறு புடிக்குமா..."

ஐலசா! மூஸி சிரித்துக்கொண்டே திரும்பி, "என்ன சொல்கிறாள்? உன்னையா?" என்று கேட்டான். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். முகம் எரிந்தது. உள்ளங்காலிலிருந்து ஒன்று ஏறிக்கொண்டு வந்தது, இதை எத்தனை வருஷமாக மனசில் வைத்துக்கொண்டிருக்கிறேன், என் உடம்பில் ஏறி இப்போதுதான் பார்க்கிறேன். பொன்னி என் கண்ணையே பார்த்துக்கொண்டு, நாலு பேர் இல்லை நாற்பது பேர் எதிரில், கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கடைசி அடியைப் போட்டாள்.

"பதிலு சொல்ல ஆளு கீதா?"

ஐலசா சொல்ல ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. கயிறு காத்திருந்தது.

"கீறேன்டி!" என்றேன்.